இருபதுக்கும் மேற்பட்ட கணக்குகளின் கடவுச்சொற்களை எப்படிப் பராமரிப்பது?

வங்கி, மின்கட்டணம், ரயில் முன்பதிவு என்று கணக்குகள் பெருகிவிட்டதால் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏதோ ஒரு சிறிய தளத்திலிருந்து அது கசிந்தாலும், திருடியவர்கள் அதே மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மற்ற தளங்களில் தானியங்கி நிரல்களைக் கொண்டு வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள்.

தக்கலையில் என் தந்தையாரின் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில், நான்கு முறை அடித்துத் திருத்தப்பட்டு எது சரியானதென்று அவருக்கே தெரியாமல் போன வங்கிக் கடவுச்சொல்லைப் பார்த்த அன்றே, அவருடைய கைப்பேசியில் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் பிட்வார்டன் என்ற செயலியை நிறுவிக் கொடுத்தேன். இது ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொல்லை உருவாக்கி, கைப்பேசியிலேயே பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த பிறகுதான் நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்புகிறது. இணையத்தில் சேமிக்க விரும்பாதவர்களுக்குக் கணினியில் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளும் கீபாஸ் இருக்கிறது. இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நினைவில் வைக்க வேண்டியது, செயலியைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றுதான். மட்டிப்பழம், தோணி, குடை, சுண்ணாம்பு என்பதுபோல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்து ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடலாம். நான் சொன்ன இதே சொற்களை எடுக்க வேண்டாம். முதன்மைக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர இயலாது என்பதால், ஒரு தாளில் எழுதி பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

மின்னஞ்சலுக்கு, கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள், ஏனெனில் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் இணைப்புகள் அங்கேதான் வருகின்றன.