ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினீர்களா?

கேள்வி: காரைக்குடியில் சப்-இன்ஸ்பெக்டர். படித்தது பி.எஸ்சி. இயற்பியல். சைபர் கிரைமுக்கு மாற வேண்டும்; பிற்பாடு கல்லூரியில் பாடமும் எடுக்க ஆசை. வழி என்ன?

பதில்: கணினிப் பட்டம் இல்லையே என்று தயங்காதீர்கள். மகஜர் (பறிமுதல் விவரப் பதிவு) எழுதிப் பழகிய கைதான் இங்கே முதலில் தேவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் போலீஸாருக்காக நடத்தும் ‘சைட்ரெய்ன்’ இணைய வகுப்புகளை முடித்து, சான்றிதழோடு மாறுதல் கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-வது பிரிவுப்படி இன்ஸ்பெக்டர் நிலைக்குக் கீழே இருப்பவர் விசாரணை அதிகாரியாக முடியாது. அந்தப் பதவி உயர்வு வரும்வரை அழைப்பு விவரம், வங்கிப் பணத்தடம், ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) ஆகியவற்றைக் கோத்துக் கொடுப்பது உங்கள் வேலையாக இருக்கும்.

அதில் சறுக்குகிற இடம் நேரம். வெளிநாட்டு நிறுவனம் தரும் பதிவில் 10-ஆம் தேதி 18:45 என்றிருந்தால், பெரும்பாலும் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நமக்கு 11-ஆம் தேதி 00:15. செட்டிநாட்டு வழக்குகளில் மலேசிய உறவினரின் ஸ்கிரீன்ஷாட்டும் வந்து சேரும். அதில் அதே நொடி 02:45. ஐந்தரை மணியைக் கூட்டாமல் இணைய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால், அது வேறொருவர் முகவரியைத் தந்துவிடும். சம்பந்தமே இல்லாத வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும். அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! மொபைல் இணையத்தில் ஒரே ஐபியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால், அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது ஹாஷ்: தரவிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாள எண். பறிமுதல் செய்த பென் டிரைவை ரைட் பிளாக்கர் (படிக்க மட்டும் விட்டு, எழுதுவதைத் தடுக்கும் கருவி) இல்லாமல் ஸ்டேஷன் கணினியில் செருகாதீர்கள். செருகினாலே உள்ளே சில பதிவுகள் மாறலாம். ஹாஷ் எண்ணும் மாறிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். சான்றிதழின் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையொப்பமிடுவார். எண் ஒத்துவராவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

கற்பிக்க: உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையில் 55 விழுக்காடும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். குற்றவியல் முதுகலை நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையில் உண்டு. சேருமுன் துறை அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஓய்வுக்குப் பிறகென்றால், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-இல் கொண்டுவந்த, துறை அனுபவசாலிகளுக்கான ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ பதவி பொருத்தமானது: பட்டம் கட்டாயமில்லை, 15 ஆண்டு அனுபவம் வேண்டும், பதவிக்காலம் அதிகபட்சம் 4 ஆண்டு.

கேள்வி: வகுப்பில் பழைய வழக்குகளின் செல்போன் பதிவுகளைக் காட்டலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: கூடாது. பெயரை அழித்தாலும் புகார்தாரரை ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய போன் ஒன்றை வாங்கி, நீங்களே குறுஞ்செய்தி, படம், அழித்த கோப்பு என்று நிரப்பிப் பயிற்சிப் பிரதி எடுங்கள். விடை உங்களிடமே இருப்பதால் மாணவர் எதைத் தவறவிட்டார் என்பதும் உடனே தெரியும்.