அவனைக் கொன்றுவிடாதே

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன். என் அக்கா உங்களிடம் படித்தவள். எனக்குப் பாலர் பள்ளியில் வேலை. நேரம் கிடைத்தால் கைப்பேசியில் தொடர்கதை வாசிப்பேன். காதல் கதைகள்தான். அதிலும் போர், கலவரம், துரத்தல், உயிருக்கு ஆபத்து எல்லாம் இருந்தால் விடிய விடிய வாசிப்பேன். இப்போது நானே ஒன்று எழுதுகிறேன். 1951இல் நம் மலாயாவில் நடக்கும் கதை. அவன் காட்டுக்குள் போய்விட்ட கம்யூனிஸ்ட். அவள் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவள். தினமும் யாருக்கும் தெரியாமல் அவனுக்குச் சோறு கொண்டுபோகிறாள். கடைசியில் இராணுவம் சுற்றி வளைக்கிறது. அவள் மடியில் அவன் சாகிறான். முதல் மூன்று அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

என் தோழி வாசித்துவிட்டு, “உயிருக்குப் பயந்து ஓடுறவனுக்கு முத்தம் கொடுக்க நேரம் எங்கடி?” என்று சிரிக்கிறாள். அத்தனை பேர் செத்த காலத்தைக் காதல் கதையாக்குவது தப்பா டீச்சர்? நெருக்கமான காட்சிகளை எடுத்துவிடவா? பேச்சுமொழியில் எழுதலாமா, சொந்தப் பெயரில் போடலாமா என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேச்சுமொழியில் தாராளமாக எழுது. பெயர் உன் இஷ்டம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால் புனைபெயர் வைத்துக்கொள். நம் ஊர் வாய் எனக்குத் தெரியும். முத்தம் இருக்கட்டும். பயந்தவர்களுக்கு ஆசை வராது என்று உன் தோழிக்கு யார் சொன்னது? 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் இந்த நாட்டில் எத்தனை கல்யாணம் அவசர அவசரமாக நடந்தது என்று அவள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கட்டும். வயதுக்கு வந்த பெண்ணைச் சிப்பாய் தூக்கிப் போய்விடுவானோ என்ற பயத்தில், பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, மஞ்சள் கயிற்றைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். என் பாட்டிக்கு அப்படித்தான் ஆனது. காதல் பிறகு வந்தது என்பாள். எப்போது வந்தது என்று கேட்டால் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

1951ஐ எடுத்துக்கொண்டாயே, அதற்கு ஒரு சபாஷ். நம் ஊர்த் தோட்டங்களில் 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலம் ஆரம்பித்ததல்லவா, எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதன் பிறகு 1960 வரைக்கும் பன்னிரண்டு வருஷம் ஜனங்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படிப் படுத்து எழுந்தார்கள் என்று அதிகம் பேர் எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, இப்போது திட்டப் போகிறேன்.

அந்தக் கோழிக் குழம்பு! உன் கதாநாயகி விடிகாலையில் தூக்கு நிறையச் சோறும் கோழிக் குழம்பும் எடுத்துக்கொண்டு, பனியில் மணக்க மணக்கக் காட்டுக்குள் போகிறாள். 1951இலா? அந்த வருஷம்தான் காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டே வெளியே இழுப்பது என்று அரசாங்கம் முழுமூச்சாக இறங்கியது. லயத்தைச் சுற்றி முள்கம்பி. கேட்டில் ஆணையும் பெண்ணையும் தடவிப் பார்த்துத்தான் வேலைக்காட்டுக்கு விடுவார்கள். வெட்டுக்காரர்கள் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகக்கூட அனுமதி இல்லை. அரிசி அளந்து தந்தார்கள். பிற்பாடு சில இடங்களில் அரிசியாகவே தராமல் பொதுச் சமையலறையில் சோறாக்கித் தந்தார்கள், சோறு என்றால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால். கடையில் டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சைக்கிளின் இரும்புக் குழாய்க்குள் அரிசியைக் கொட்டிக் கடத்தினார்கள் அந்தக் காலத்து ஆட்கள். ஒரு சைக்கிள் குழாயில் எவ்வளவு கொள்ளும்? ஒரு வேளைக் கஞ்சிக்குத் தேறும். பிடிபட்டால் ஜெயில்.

அடித்துச் சொல்கிறேன், உன் கதையின் காதல் காட்சி அதுதான். அந்தக் குழாயை அவள் எப்படி நிரப்பினாள், தன் பங்கிலிருந்து எத்தனை நாள் மிச்சம் பிடித்தாள், தம்பி தங்கச்சியின் தட்டில் எவ்வளவு குறைந்தது, அம்மா அதைக் கண்டும் காணாமல் இருந்தாளா, எழுது. அதற்குப் பிறகு நீ முத்தம் கொடுக்கவைத்தால் உன் தோழி சிரிக்கமாட்டாள்.

உன் கதாநாயகி மழையில் ஆடும் காட்சியைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. மழை பெய்தால் வெட்டுப்பட்டை நனைந்துவிடும், மங்குக் கிண்ணத்தில் விழும் பாலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும், அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. விடிகாலை மழையைப் பார்த்து நடனமாடிய வெட்டுக்காரியை நான் கண்டதில்லை. வாசலில் நின்று மழையைத் திட்டிய வெட்டுக்காரிகளோடுதான் வளர்ந்தேன்.

உன் ஒருத்தியின் குற்றம் இல்லை இது. நீ வாசிக்கிற கதைகளில் ஆபத்து ஒரு வசதியாக வந்து நிற்கிறது. குண்டு விழுந்ததும் அப்பா, அம்மா, சாதி, கடன், நாளைய சமையல் எல்லாம் காணாமல் போய், அவனும் அவளும் மட்டும் உலகத்தில் மிஞ்சுகிறார்கள். தோட்டத்தில் ஆபத்து வந்தபோது எதுவும் காணாமல் போகவில்லை. சாதி லயத்திலேயே இருந்தது. கடன் சீன முதலாளி தவுக்கேயின் கடைப் புத்தகத்தில் இருந்தது. பிள்ளை பாலுக்கு அழுதது. அத்தனைக்கும் மேலே ஒரு துப்பாக்கிக்காரனும் வந்து நின்றான். நம் பழைய அகப்பாடல்களில் இரவில் மலைவழி வரும் தலைவனிடம் தோழி என்ன சொல்கிறாள்? வராதே என்கிறாள். வழியில் யானை நிற்கும், பாம்பு கிடக்கும், ஆற்றில் முதலை இருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறாள். அந்தப் பயத்தைக் கணக்குப் பார்த்துச் சொல்வதிலேயே ஆசை முழுக்க வந்துவிடுகிறது. உன் கதாநாயகி ஒரு தடவைகூட அவனிடம் வராதே என்று சொல்லவில்லை.

இப்போது அந்த மடிச் சாவுக்கு வருகிறேன். உன் கடிதம் வந்தபோது நான் இதையே நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பழைய தோட்டத்து அண்ணன் ஒருவருடைய கருமக்கிரியைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தேன். எண்பதை நெருங்கியவர். கோலாலம்பூரிலிருந்து வந்த அவர் பேரன் என் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க பூட்டிக்கு ரெண்டு புருஷனாமே டீச்சர், சீரியல் மாதிரி இருந்திருக்குமே” என்றான். பையன் நல்ல பையன். எனக்குத்தான் அடுத்த வாய் சோறு இறங்கவில்லை.

அந்த அம்மாவை நாங்கள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். 1943இல் அவருடைய புருஷனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்களாம். அப்போது கையில் ஒரு பெண் குழந்தை. வேலை என்பது சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடுவது. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. மூன்று மாதம் போய் வருஷக்கணக்காகியும் ஆளைக் காணோம். கடுதாசி கிடையாது. அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் உண்டு. தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் வரிசை வரிசையாகப் பார்க்கலாம். நம் ஆட்களும் பர்மாக்காரர்களும் ஜாவாக்காரர்களும் அதைப்போலப் பல மடங்கு செத்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. சரியாக எத்தனை பேர் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. பட்டியல் இல்லை என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? பொட்டை அழிப்பதா வேண்டாமா என்றே ஒரு பெண்ணுக்குத் தெரியாது. மடி எங்கே, சாவு எங்கே?

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பரை வாங்க ஆளில்லை, மரம் வெட்டு நின்றுபோயிற்று, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அடுத்த லயத்து ஆள் ஒருவர் பெரியம்மாவுக்குக் கிழங்குக்கு நிலம் கொத்திக் கொடுத்தார். விறகு பிளந்து போட்டார். திரும்பி வந்தவன் ஒருவன், உன் புருஷன் வாந்திபேதியில் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொன்ன பிறகு, மாரியம்மன் கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டார்கள். பையன் பிறந்தான். அந்தப் பையன்தான் போன மாதம் இறந்துபோன அண்ணன். அவன் தவழ ஆரம்பிக்கும் முன்னால், 1946இல், புண் வைத்த காலோடு முதல் புருஷன் திரும்பி வந்துவிட்டார்.

நீயாக இருந்தால் என்ன செய்வாய்? கத்தியைக் கொடுத்திருப்பாய், இல்லையென்றால் ராத்திரியோடு ராத்திரியாக அவரை ஊரைவிட்டு அனுப்பியிருப்பாய். அவர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியிடம் போய் வீடு கேட்டார். அவ்வளவுதான். பெயர் அந்தத் தோட்டத்துப் பதிவில் இருக்கிறது, வேறு எங்கே போவார்? அதே லயத்தில் கடைசி வீடு காலியாக இருந்தது, கொடுத்தார்கள். மறுநாள் இருட்டோடு, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு மூன்று பேரும் போய் நின்றார்கள்.

எனக்கு நினைவு தெரிந்தபோது மூவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கடைசி வீட்டுத் தாத்தா கடைசிவரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரியம்மா அவர் வீட்டு வாசற்படியை மிதித்து நான் பார்த்ததில்லை. குழம்பு போகும், பிள்ளைகள் கையில் போகும், நானே கொண்டுபோயிருக்கிறேன். தீபாவளிக்கு வேட்டி போகும். அதை வாங்கிக்கொண்டு போவது இரண்டாவது புருஷன். ஆனால் சாயங்காலம் பொதுக் குழாயடியில் தாத்தாவைக் கண்டால் பெரியம்மா பிடித்துக்கொள்வார். காலுக்குத் துணி கட்டினியா, மருந்து போட்டியா, ஈ மொய்க்குதே கண்ணு தெரியலையா, சாகணும்னா சயாமிலேயே செத்திருக்க வேண்டியதுதானே, இங்க வந்து ஏன் என் உயிர எடுக்கிற என்று லயம் முழுக்கக் கேட்கும். தாத்தா வாளியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பதில் பேசமாட்டார், போகவும் மாட்டார். இரண்டாவது புருஷன் திண்ணையில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, “அவனத் திட்டலேன்னா இவளுக்குத் தூக்கம் வராது” என்பார், யாரிடம் என்றில்லாமல்.

தங்கச்சி, எத்தனையோ காதல் கதை வாசித்துவிட்டேன். அந்தக் குழாயடித் திட்டலில் இருந்த ஆசையை ஒன்றிலும் பார்க்கவில்லை. அந்தச் சுருட்டுக்காரரின் பெருந்தன்மையையோ, அவர் உள்ளுக்குள் என்ன பட்டாரோ அதையோ எழுத யாருக்காவது தைரியம் வந்திருக்கிறதா? எனக்கும் வரவில்லை, கதையாக்கப் போனால் யாராவது ஒருவரைக் கெட்டவராக்கவேண்டியிருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், அவனைக் கொல்லாதே. மடியில் செத்தால் எல்லாருக்கும் சௌகரியம். அவளுக்கு முடிவெடுக்கும் வேலை இல்லை, ஊருக்கு வாய் திறக்கும் வேலை இல்லை, உனக்கு அடுத்த அத்தியாயம் எழுதும் வேலை இல்லை. அறுபதுகளில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஆயாக்கொட்டகைத் திண்ணையில் என் அத்தை ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைத் தொடர்கதையை உரக்க வாசிப்பாள்; எழுத்துத் தெரியாத பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். காதலுக்காகத் தாய் உயிரைவிடும் கட்டம் வந்தால் மூக்கைச் சிந்துவார்கள், சிந்தி முடித்ததும் ஒருத்தி கேட்பாள்: “அந்தப் புள்ளய இனி யாரு பாத்துக்குவா?” அத்தைக்குக் கோபம் வரும், கதையில் அதெல்லாம் போடவில்லை என்பாள். போடவில்லைதான். எழுதினவருக்கு அந்தப் பிள்ளையின் நினைப்பே வந்திருக்காது.

அவனை உயிரோடு பிடிபட வை. அல்லது அவனே சரணடைந்து வெளியே வரட்டும். அப்படி வந்தவர்கள் நிறையப் பேர், சிலர் பழைய தோழர்களைக் காட்டிக் கொடுத்தும் இருக்கிறார்கள். அவன் 1955இல் தோட்டத்துக்குத் திரும்பி வந்து கேட்டில் நிற்கட்டும். அரிசி கடத்தியதற்காக அவள் அப்பா ஜெயிலுக்குப் போய் வந்திருக்கட்டும். இப்போது எழுது பார்க்கலாம் உன் காதல் காட்சியை.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய். 1951இல் பதினைந்து வயது என்றால் இன்றைக்குத் தொண்ணூறு. நம் ஊரில் அந்த வயதில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். காலையிலேயே போ, சாப்பிட்டதும் தூங்கிவிடுவார்கள். முதல் நாளே கைப்பேசியை முகத்துக்கு முன்னால் நீட்டாதே. காதலைப் பற்றி எதுவும் கேட்காதே, செருப்பைத் தேடுவார்கள். கேட்டில் யார் சோதனை போட்டது, சோறு எங்கே வாங்கினீர்கள், எத்தனை மணிக்கு லயத்துக்கு வெளியே போகக்கூடாது என்றார்கள் என்று கேள். மற்றதெல்லாம் தானாக வரும்.

மூன்றாம் அத்தியாயத்தில் துரையின் மகள் ஒருத்தி குதிரையில் வருகிறாளே, அவள் எதற்கு வந்தாள், ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை. அவளை எடுத்துவிடு.

அன்புடன்,
டீச்சர்