மேலிருந்து விழும் பார்வை: இஸ்தோப்பு, முற்றம் மறைப்பது பற்றிக் கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் நாற்றுமேடை வைத்திருக்கிறேன். கன்று விற்பதோடு வேலி அடைப்பது, பந்தல் போடுவது, இஸ்தோப்புக்கு (வீட்டு முன் விறாந்தை) தட்டி கட்டுவது எல்லாம் 20 வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். வீட்டு முன்புறத்தைக் கொஞ்சம் மறைவாக வைத்துக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மதில், கொங்கிரீட் என் வேலை இல்லை.

கேள்வி (ஹட்டன்): அண்ணே, வீட்டுக்கு மேலே தோட்டத்து ரோடு போகிறது. முற்றத்து ஓரத்தில் ஆறடி வேலி போட்டும் ரோட்டில் போகிறவர்களுக்கு இஸ்தோப்பு அப்படியே தெரிகிறது. வேலியை இன்னும் உயர்த்தவா?

உயர்த்தாதீர்கள், காசு வீண். சமவெளியில் பார்வை நேராக வரும், எல்லையில் வேலி போட்டால் போதும். நம் ஊரில் பார்வை மேலிருந்து விழுகிறது. ஒரு கணக்குச் சொல்கிறேன். ரோடு உங்கள் தரையைவிட 12 அடி உயரம், 30 அடி தூரம் என்று வைப்போம். நடந்து போகிறவரின் கண் தரையிலிருந்து 17 அடியில் இருக்கும். கதிரையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தலை 4 அடியில். எல்லை வேலி உங்களிடமிருந்து 24 அடி தள்ளி இருந்தால், உங்கள் தலையை மறைக்க அது 14 அடிக்கு மேல் உயர வேண்டும். அதே மறைப்பை உங்களுக்கு 3 அடி முன்னால் வைத்தால் ஐந்தரை அடி போதும்.

ஆகவே மறைப்பைக் கதிரைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். இஸ்தோப்புக் கூரை விளிம்பிலிருந்து தட்டியைத் தொங்கவிட்டு, தரைக்கு ஒன்றரை அடி மேலே நிறுத்துங்கள். எழுந்து நின்றாலும் மறைக்கும், கீழே காற்றும் வெளிச்சமும் வரும், தட்டியின் அடி ஈரத்தில் ஊறாது. வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் ஒருவரை ரோட்டில் நிற்கச் சொல்லிவிட்டு நீங்கள் கதிரையில் உட்காருங்கள். இன்னொருவர் உங்கள் முன்னால் ஒரு சாரத்தை விரித்துப் பிடித்து மெதுவாக ஏற்றி இறக்கட்டும். ரோட்டில் நிற்பவரின் முகம் எந்த இடத்தில் மறைகிறதோ அதுதான் உங்கள் அளவு. அந்த இடத்தில் தூணில் ஒரு கோடு கீறி வையுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவை): சீக்கிரம் வளர்கிற செடி எது?

காட்டுச் சூரியகாந்தி. தேயிலை மலை ஓரமெல்லாம் மஞ்சள் பூவோடு நிற்கிறதே, அதுதான். பெருவிரல் மொத்தத்தில் ஒரு முழக் குச்சி வெட்டி மழைக்காலத்தில் சாய்வாக ஊன்றினால் ஒரு வருடத்துக்குள் ஆள் உயரம் தாண்டும். வெட்டுகிற தழை மரக்கறிப் பாத்திக்கு நல்ல பசளை. ஆனால் விட்டுவிட்டால் அடி வெறுமையாகி, பெருங்காற்றில் முறிந்து விழும். வருடத்துக்கு இரண்டு தடவை இடுப்பு உயரத்துக்கு வெட்டுங்கள். தண்ணீர் ஓடும் கானுக்குள் நடாதீர்கள், கான் ஓரத்திலும் நடாதீர்கள். தழை விழுந்து அடைத்தால் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பும்.

கேள்வி (பண்டாரவளை): முற்றத்தைச் சுற்றித் தகரம் அடித்தேன். ஆனி ஆடிக் காற்றில் இரண்டு தடவை பிய்ந்துபோனது. மூன்றாவது தடவை இரும்புக் குழாய் நட்டு அடிக்கவா?

குழாயும் சாயும், தம்பி. ஹட்டன் பக்கம் மழை கொட்டுகிற அதே மாதங்களில் உங்கள் ஊவா மாகாணத்தில் காய்ந்த காற்று மலை இறங்கி அடிக்கிறது. காற்றுக்கு முழுச் சுவர் காட்டினால் அது மேலேறிச் சுழன்று உங்கள் முற்றத்துக்குள்ளேயே விழும். பாதிக்குப் பாதி சந்து விட்ட வேலிதான் காற்றை அடக்கும். இரண்டு அங்குலப் பலகையை ஒன்றரை அங்குல இடைவெளியில் நெடுக்காக அடியுங்கள். சந்து வழியாகத் தெரியாதா என்று கேட்பீர்கள். பலகையைக் கொஞ்சம் சாய்த்து அடித்தால் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவருக்கு முழுவதும் மூடினது போலிருக்கும். பச்சை நிழல்வலையும் ஆகும். அதை நாலு மூலையில் மட்டும் கட்டாமல் ஓரத்துக்குக் கம்பி கோர்த்து, அடிக்கொரு முடிச்சுப் போடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): சைப்ரஸ் வேலி மிக அகலமாகி நடைபாதையை மூடிவிட்டது. ஒட்ட வெட்டலாமா?

ஒட்ட வெட்டாதீர்கள். சைப்ரஸ் பழைய காய்ந்த தண்டிலிருந்து திரும்பத் துளிர்க்காது, அந்த ஓட்டை அப்படியே நிற்கும். பச்சை இருக்கிற அளவுக்குள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணே, நாங்கள் பணிய லயத்தில் (கீழ்ப்பக்கத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு). ஒரே காம்பரா (அறை). மகள் உயர்தரம் படிக்கிறாள், இஸ்தோப்பில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பின்னேரம் தண்ணீர்ப் பீலிக்குப் போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். லயத்தில் மறைப்புப் போடலாமா?

கட்டாயம் போடலாம், அக்கா. சுருட்டுத் தட்டியாகப் போடுங்கள். பிள்ளை படிக்கும்போது இறக்கி, மற்ற நேரம் சுருட்டிக் கட்டலாம்.

கேள்வி (ராகலை): மன்னிக்கவும், அந்த அக்காவுக்கு நீங்கள் சொன்னது சரியில்லை. நல்லது கெட்டது எல்லாம் இஸ்தோப்பில்தானே நடக்கிறது? தட்டி கட்டினால் பக்கத்து வீட்டாரை நம்பவில்லை என்று ஆகும். மறைப்பெல்லாம் தோட்டத்துரை பங்களாவுக்குச் சரி.

இந்தப் பேச்சு எனக்கு மனவருத்தம் தருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பங்களாவைச் சுற்றி உயர வேலி வைக்க இடம் விட்டவர்கள்தான் நமக்கு 10 அடிக்கு 12 அடிக் காம்பராவைக் கட்டினார்கள். மறைவு அவர்களுக்கு வேண்டும், நமக்கு வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்ததை நாமே இன்றைக்குத் திரும்பச் சொல்ல வேண்டுமா? நான் லயத்தில் பிறந்தவன். என் அக்கா ஈரத் தலையைத் துவட்ட இடமில்லாமல் கதவுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். இஸ்தோப்பின் உறவு பெரியது, அதை நானும் விடமாட்டேன். அதனால்தான் சுருட்டுத் தட்டி சொன்னேன். பக்கத்து வீட்டம்மாவிடம், “பிள்ளைக்குப் பரீட்சை, ஆறிலிருந்து ஒன்பது வரை இறக்கி வைப்போம்” என்று முதலிலேயே சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

கேள்வி (நாவலப்பிட்டி): ராகலைக்காரர் சொன்ன காரணம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வேறொரு காரணம் இருக்கிறது. லயத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையே எரிகிறது. வெளியே ஓடிவர இருப்பது அந்த இஸ்தோப்பு ஒன்றுதான். அதைத் தட்டியாலும் வலையாலும் அடைக்கலாமா?

நல்ல கேள்வி. இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மஸ்கெலியா அக்கா, கவனியுங்கள். வாசற்படிக்கு நேரே எதுவும் வேண்டாம். பிள்ளை உட்காருகிற பக்கம் மட்டும், ஐந்தடி அகலம் போதும். அடுப்பு இஸ்தோப்பில் இருந்தால் அதற்குப் பக்கத்தில் நிழல்வலையோ பொலித்தீனோ கட்டவே கூடாது, உருகிச் சொட்டும். தட்டியை ஆணி அடித்து நிறுத்தாமல் கொக்கியில் மாட்டுங்கள், ஒரு கையால் இழுத்தால் கழன்று விழ வேண்டும்.

கேள்வி (ராகலை): பக்கத்தில் சொல்லிவிட்டுச் செய்தால் சரிதான். நான் கேட்டது அவ்வளவுதான்.

சந்தோஷம் ஐயா.

கேள்வி (மாத்தளை): சீக்கிரம் வளர்கிற செடி எது?

மேலே பொகவந்தலாவைக்குச் சொன்னதுதான். உங்கள் பக்கம் சூடு என்பதால் கிளிரிசிடியாக் கம்பும் நன்றாக வரும். மேலே குளிரில் இருப்பவர்கள் அதை நட வேண்டாம்.

கேள்வி (பதுளை): மூங்கில் தட்டி கட்டி ஆறு மாதம்தான். அடியில் மா மாதிரித் தூள் கொட்டிக் கிடக்கிறது.

வண்டு. தட்டியைக் கிட்டத்தில் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் துளை இருக்கும். தட்டினால் மஞ்சள் தூள் விழும். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் அது வருகிறது. முற்றாத மூங்கிலை வெட்டி அப்படியே பிளந்து கட்டினால் இப்படித்தான். மூன்று நாலு வருடம் முற்றியதாக வெட்டி, ஓடுகிற தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த பிறகு கட்ட வேண்டும். இப்போது இருப்பதைக் கழற்றி எரித்துவிடுங்கள், கூரை மரத்துக்கும் போகலாம்.

கேள்வி (கொட்டகலை): ஏழு பேர்ச்சஸ் காணியில் புது வீடு. பள்ளத்து ஓரத்தில் ஆறடிக் கல் மதில் கட்டினால் மறைவாக இருக்குமா?

என்னிடம் கேட்காதீர்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலும் பிரதேச சபையிலும் கேட்டுவிட்டு ஒரு கல்லை வையுங்கள். சரிவு ஓரத்தில் மதில் பாரத்தை ஏற்றும், தண்ணீரை அடைக்கும். 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்தோம், 2025 நவம்பரில் டித்வா புயலைப் பார்த்தோம். கானை மூடி எதையும் கட்டாதீர்கள்.

கேள்வி (லிந்துலை): எது அண்ணே சீக்கிரம் வளரும்?

மூன்றாவது தடவை. சீக்கிரம் வளர்வது சீக்கிரம் சாயும். எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன், பொறுமை இருந்தால் செய்யுங்கள்: தேயிலை. இரண்டடிக்கு ஒன்று நட்டு, கொழுந்து எடுக்காமல் விடுங்கள். மூன்று நாலு வருடத்தில் நெஞ்சளவு வந்துவிடும், அப்புறம் ஆள் உயரத்தில் மட்டம் வெட்டி நிறுத்தலாம். வருடம் முழுக்க இலை உதிராது. விதைத் தேயிலைக் கன்று கிடைத்தால் அதையே எடுங்கள், ஆணிவேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

கேள்வி (மஸ்கெலியா): அண்ணே, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன், சரி என்றார்கள். ஐந்தடித் தட்டிக்குக் கயிறு எவ்வளவு?

நைலோன் கயிறாக 15 யார் வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஏற்றி இறக்க அது போதும், மிச்சத்தைக் கொக்கிக்கு வைத்துக்கொள்ளலாம். கட்டும்போது மகளைக் கதிரையில் உட்காரவைத்து அளவு பாருங்கள்.