ஆறுதல் கேட்காதீர்கள் டீச்சர், வேலை கொடுங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. கரூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்றரை வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் மறுபடியும் ரத்தம் போனதால் ஸ்டீராய்டும் சேர்த்திருக்கிறார்கள். பாதி வகுப்பில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. கழிப்பறையோ மைதானத்தின் அந்தக் கோடியில். பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்று பயந்து காலையில் எதுவும் சாப்பிடாமல் கிளம்புகிறேன். கணவர் நல்லவர், ஆனால் "எல்லாம் மனசுதான், டென்ஷனைக் குறை" என்கிறார். மாமியார் நான் எத்தனை முறை போகிறேன் என்று எண்ணுகிறார். ராத்திரி தூக்கமில்லாமல் அழுகிறேன். மனம்விட்டுப் பேச ஒருவருமில்லை. நான் யாரிடம் போவது?
பெயர் வேண்டாம், கரூர்

பதில்: டீச்சர், காலையில் சாப்பிடுவதில்லை என்கிறீர்களே, அப்படியானால் ஸ்டீராய்டு மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்றால், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் அதற்கும் பங்கிருக்கலாம். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கலைக்கும், சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகையும் எரிச்சலும் வரும். அதனால்தான் பெரும்பாலும் காலையில் சாப்பிட்டவுடன் போடச் சொல்கிறோம். டாக்டரிடம் இந்த அழுகையையும் சொல்லுங்கள். ஆனால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரர். எண்டோஸ்கோப்பி அறையில் நர்ஸாக இருந்த காலமெல்லாம் "மனசுதான்" என்ற வார்த்தையை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவன்மார்களிடம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்த உங்கள் கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் கலர் படங்கள் இருக்கும், எடுத்து அவர் கையில் கொடுங்கள். நல்ல குடல் வெளிர் ரோஜா நிறத்தில் பளபளப்பாக, மெல்லிய ரத்த நாளங்கள் கொடிகொடியாகத் தெரியும்படி இருக்கும். உங்களுடையதில் அந்தக் கொடிகள் மறைந்து, சிவந்து, அங்கங்கே புண் தெரியும். கவலைப்பட்டதால் வந்த புண் இல்லை அது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் வருவது. மன அழுத்தம் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும், உண்மைதான். நோயே மன அழுத்தத்தைக் கொண்டுவருகிறது என்பதும் அதே அளவு உண்மை. அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது அவரை வெளியே உட்கார வைக்காமல் டாக்டர் அறைக்குள் கூட்டிப் போங்கள். நீங்கள் பத்து முறை சொல்லி ஏறாதது டாக்டர் ஒரு முறை சொன்னால் ஏறும். நியாயமில்லைதான், ஆனால் நடக்கும்.

நான் பார்த்தவரை நம் வீடுகளில் "என்னைப் புரிஞ்சுக்கோங்க" என்று கேட்டால் கிடைப்பது அறிவுரைதான். "இதைச் செஞ்சு கொடுங்க" என்று கேட்டால் ஓடிவந்து செய்வார்கள். உங்கள் மாமியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை போனீர்கள், ரத்தம் இருந்ததா என்பது டாக்டர் கேட்கும் கணக்கு. அதை நீங்களே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். "அத்தை, அதை நான் எழுதிக்கிறேன். நோய் கிளம்புற நாள்ல மட்டும் எனக்குக் காரமில்லாம சாதத்தைக் குழைய வடிச்சுக் கொடுங்க" என்று அவர் கவனத்தை அடுப்புப் பக்கம் திருப்பிவிடுங்கள். மாதுளை ஓட்டுக் கஷாயம், பிரண்டைத் துவையல் என்று வைத்தியம் சொல்ல வரும் பக்கத்து வீட்டுக்காரர்களைச் சமாளிக்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டுவிடுங்கள். மாமியார்களுக்கு அது கைவந்த கலை!

பள்ளியில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. தலைமையாசிரியரிடம் டாக்டர் கடிதத்தோடு போய், "குடலில் புண், திடீரென்று போக வேண்டிவரும், யாருக்கும் தொற்றாது, கழிப்பறைக்குப் பக்கத்து வகுப்பறை வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். நீங்கள் கதவைத் தட்டிவிட்டுப் போனால் இரண்டு வகுப்பையும் அவர் பார்த்துக்கொள்வார். பையில் மாற்று உடை ஒன்று இருந்தால் பஸ் பயமும் பாதி குறையும்.

அழுவதற்கும் சிரிப்பதற்கும் மட்டும் இதே நோயுள்ள ஒருவர் வேண்டும். வேறு யாரும் அந்த இடத்துக்கு ஆகமாட்டார்கள். "என்னைப் போல ஒரு பெண் பேசச் சம்மதிப்பாரா?" என்று உங்கள் குடல் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். மே 19 உலகக் குடல் அழற்சி நோய் தினம். அதையொட்டிப் பெரிய மருத்துவமனைகள் சில நோயாளிகளைக் கூட்டிப் பேசவைப்பதுண்டு. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண் மாப்பிள்ளையைத் தேடாமல் கழிப்பறையைத் தேடும் கூட்டத்தை அங்கே பார்ப்பீர்கள்.

நடு ராத்திரியில் மனம் கனத்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். "இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் உடனே கூப்பிடுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். இன்னொன்று: ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கேள்வி: ஹாஸ்டலில் படிக்கும் என் தம்பிக்கு க்ரோன்ஸ் நோய், அதுவும் ஒரு குடல் அழற்சி நோய்தான். முதலில் குடல் காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, இப்போதுதான் இதுவென்று சொன்னார்கள். போன் செய்தால் "நல்லாருக்கேன்" என்று வைத்துவிடுகிறான். அவனிடம் என்ன பேசுவது?
ஒரு அக்கா, தஞ்சாவூர்

பதில்: இந்த இரண்டு நோயையும் பிரித்தறிவது பெரிய டாக்டர்களுக்கே சவால். பழைய மருத்துவரைத் திட்டி போன் நேரத்தை வீணாக்காதீர்கள். "வயிறு எப்படிடா?" என்று ஆரம்பித்தால் அவன் வைக்கத்தான் செய்வான். கிரிக்கெட் பேசுங்கள், வீட்டுச் சண்டையைச் சொல்லுங்கள். வயிற்றுப் பேச்சு அவன் வாயிலிருந்தே வரட்டும். வந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வர நீங்களே டிக்கெட் போடுங்கள். பஸ் வேண்டாம், ரயிலில்.