மண்சரிவு அறிவித்தல் ஏன் பிந்தி வருகிறது?

அன்புள்ள அக்கா,

பேஸ்புக், யூடியூப் போன்ற பெரிய நிறுவனங்கள்தான் இன்று நம் மக்கள் எதை அறிய வேண்டும், எதை நினைக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன என எழுதியிருந்தீர்கள். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. நான் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். யாரும் எட்டிப் பார்க்காத லயத்தை, தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளை, இன்று பிள்ளைகள் போனில் எடுத்துப் போடுகிறார்கள். கூரை ஒழுகுவது வெளிநாடு வரை தெரிகிறது. பொய்யை நம்பினால் அது நம்புகிறவரின் பிழைதானே? மாணவர்களுக்கு நான் என்ன சொல்வது? போனைத் தொடாதே என்றா?

ஓர் ஆசிரியர், தலவாக்கலை

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொல்வதில் பாதியை நான் மறுக்கவே மாட்டேன். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள் நுழைவதற்குத் துணி வியாபாரி வேஷம் போட வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். வெளியாள் உள்ளே வந்தால் குற்றம், உள்ளே நடப்பது வெளியே போனாலும் குற்றம் என்றிருந்த இடம் இது. 2018 ஒக்டோபரில் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு, கறுப்பு உடையோடு கொழும்பு காலிமுகத்திடலில் நின்ற நம் பிள்ளைகள் பேஸ்புக்கில்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்து அன்று நான் அழுதேன்.

ஆனால் அதே 2018இல் மார்ச் மாதமும் இருந்தது, தம்பி. கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் கலவரத்தில் எரிந்தது நமக்குப் பக்கத்தில்தான். அதற்கு ஒரு வாரம் முன்பு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறியில் ஏதோ கட்டியாக இருக்கிறது, மலடாக்கும் மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டிக் கேட்கிறார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றிலும் கூட்டம். பயத்தில் ஆமாம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிடுகிறார். அது வீடியோவாகி நாடெங்கும் ஓடியது. அது வெறும் மாவுக்கட்டி என்று பரிசோதனையில் தெரியவந்தபோது, எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் அம்மா ஞாபகம் வரும். அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில், சிங்களத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா தலையாட்டிக்கொண்டே நின்றார். என்ன கேட்டார்கள் என்று வெளியே வந்து என்னிடம் கேட்டார். நம்மில் எத்தனை பேர் அப்படித் தலையாட்டியிருக்கிறோம்! அதைப் படம் பிடிக்க யாரும் இல்லாததால் தப்பினோம்.

பொய்யை நம்புகிறவரின் பிழைதானே என்கிறீர்கள். சரி, அதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த வீடியோவை அவர் தேடிப் போகவில்லை. அது அவர் முன்னால் கொண்டுவந்து வைக்கப்பட்டது. பேஸ்புக்கில் 2017இல் ஒரு லைக்குக்கு ஒரு புள்ளி என்றால், கோப முகத்துக்கு ஐந்து புள்ளி. எந்தப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டுவது என்பதை அந்தக் கணக்கும் சேர்ந்துதான் முடிவு செய்தது. கோப முகத்தின் மதிப்பைப் பூச்சியமாக்க 2020 வரை ஆனது. கொல்லச் சொல்லிச் சிங்களத்தில் எழுதிய பதிவுகளைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, எங்கள் விதிகளை இது மீறவில்லை என்று பதில் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆட்கள் அப்போது அங்கே போதிய அளவில் இருக்கவில்லை. நடந்ததற்கு அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருஷம் கழித்து!

இன்னொன்றையும் சொல்கிறேன், இது எங்கள் வீட்டில் நடந்தது. நாலு நாளாக விடாத மழை. எங்கள் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை வியாழக்கிழமை காலையிலேயே போட்டுவிட்டார்கள். அத்தையின் போனில் அது கண்ணில் பட்டது சனிக்கிழமை மத்தியானம். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு கலியாண வீட்டு ஆட்டம். அப்புறம் இரண்டு அரசியல்வாதிகள் கத்திக்கொள்வது. அதன் பிறகு, வேறெங்கோ எப்போதோ மலை சரிந்த பழைய வீடியோ ஒன்று, இன்று நடந்தது போல. அதைப் பார்த்துவிட்டு ஐயோ என்று எழுந்தே விட்டார். அதற்கும் கீழே இருந்தது உண்மையான அறிவித்தல், படம் இல்லாமல், வெறும் எழுத்தாக. அத்தை அதை வாசிக்காமலே தள்ளிவிட்டார். நான்தான் விரலைப் பிடித்து நிறுத்தினேன். மீரியபெத்தையில் 2014இல் ஒரு காலை நேரத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த யாருக்கும் அந்த இரண்டு நாள் எவ்வளவு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் போனில் வந்தவற்றில் பொய் ஒன்றே ஒன்றுதான், தம்பி. என்னைப் பயமுறுத்துவது அந்த வரிசை. முன்பெல்லாம் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் கங்காணி எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்று நமக்குத் தெரியும். அவர் முகம் தெரியும், சண்டை பிடிக்கலாம். இந்த வரிசையைப் போடுகிறவர் எங்கே இருக்கிறார்? யாரிடம் போய்க் கேட்பது?

அதற்காக அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். திகனைக் கலவரத்தின்போது ஏறக்குறைய ஒரு வாரம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கினார்கள். வதந்தி பரப்பியவனோடு சேர்த்து, பிள்ளை பத்திரமா என்று விசாரித்தவளின் வாயும் அடைபட்டது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. நாளைக்குச் சம்பளப் போராட்டம் பற்றிய ஒரு பதிவையும் பொய் என்று சொல்ல அவர்களால் முடியும். நான் கேட்பது வேறு. எதை ஏன் மேலே வைக்கிறோம் என்று இந்த நிறுவனங்கள் வெளியே சொல்ல வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வரும் முறைப்பாட்டை அந்த மொழி தெரிந்த மனிதர் வாசிக்க வேண்டும். உயிர் காக்கும் அறிவித்தல் எந்த ஆட்டத்துக்கும் கீழே போகக் கூடாது.

மாணவர்களிடம் போனை விடச் சொல்லாதீர்கள். லயத்தை அவர்கள் படம் எடுக்கட்டும், எடுத்த திகதியையும் இடத்தையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு ஒரு வேலை செய்து பாருங்கள்: எச்சரிக்கை வெளியான நேரத்தைப் பலகையில் எழுதி, அவரவர் வீட்டுப் போனில் அது எப்போது வந்தது, அதற்கு மேலே என்னென்ன இருந்தன என்று ஒரு கொப்பியில் குறித்து வரச் சொல்லுங்கள். அந்தக் கொப்பிகளை எனக்கு அனுப்புங்கள். இங்கே அப்படியே போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா