ஜெர்மனியில எலெக்டிவ் எடுக்குறப்ப மார்க் எப்படிப் போடறாங்கன்னு பாருங்க

கேள்வி: அக்டோபர்ல ஜெர்மனியில மாஸ்டர்ஸ் சேரப் போறேன். போன சீனியர்ஸ் பல பேர் ரெண்டு வருஷமும் நம்மாளுங்க கூடவே சமைச்சு சாப்பிட்டு ஓட்டிட்டோம்ங்கிறாங்க. மத்த நாட்டுக்காரங்களோட நல்லா பழகி நானும் கொஞ்சம் வளரணும்னா எந்த மாதிரி எலெக்டிவ் எடுக்கலாம்?

பதில்: தம்பி, கிளம்புறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டது ரொம்ப சந்தோஷம். ஒரே ஹால்ல இருபது நாட்டுப் பசங்க உக்காந்திருந்தா மட்டும் பழக்கம் வந்துடாது. 1971ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல கறுப்பு, வெள்ளை, மெக்சிகன் வம்சாவளிப் பிள்ளைங்களை ஒரே ஸ்கூல்ல சேர்த்தப்ப சண்டைதான் வந்துச்சு, அப்ப எலியட் ஆரன்சன்ங்கிற உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தார், பக்கத்துல இருக்கிறவன் சொல்றதைக் கேக்காம பரீட்சை எழுத முடியாதுங்கிற நிலைமை வந்ததும் காது கொடுத்துக் கேக்க ஆரம்பிச்சாங்க.

நீங்களும் அந்த மாதிரி கோர்ஸைத்தான் தேடணும். ஒவ்வொரு கோர்ஸுக்கும் பாடம் என்ன, மார்க் எப்படின்னு யூனிவர்சிட்டி போட்டிருக்கிற மாட்யூல் ஹேண்ட்புக்கைத் திறந்து பாருங்க, ‘க்ளௌசூர்’னு மட்டும் இருந்தா எழுத்துப் பரீட்சை, ரூம்ல உக்காந்து தனியா படிச்சே பாஸ் ஆயிடலாம். செமினார், குரூப் ப்ராஜெக்ட்னு இருக்கிறதுல குறைஞ்சது ஒண்ணாவது எடுங்க, டீமையும் நம்ம ஊர்ப் பசங்களா பாத்து சேர்த்துக்காதீங்க.

அங்க உரசல் வரும், வரட்டும். எங்கிட்ட ஆலோசனைக்கு வந்த ஒரு பையன், வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமான்னு ஜெர்மன் டீம்மேட் கேட்டதுக்கு ‘ட்ரை பண்றேன்’னு சொல்லியிருக்கான். நம்ம ஊர்ல ‘பாக்கலாம்’னா பாதி நேரம் முடியாதுன்னுதானே அர்த்தம், அந்தப் பொண்ணு அதை ‘சரி’ன்னு எடுத்துக்கிட்டா. வெள்ளிக்கிழமை கையில ஒண்ணுமில்ல, “முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே”ன்னு எல்லார் முன்னாடியும் நேராவே கேட்டுட்டா. இவனுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. அப்புறம் செமினாருக்காக எழுதுற டைரியில, அவ என்ன கேட்டா, நான் எதை மனசுல வச்சு பதில் சொன்னேன், அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்னு வரிவரியா எழுதினான், அடுத்த மீட்டிங்ல ‘புதன்கிழமை பாதி தர்றேன், மீதி என்னால ஆகாது’ன்னு சொல்ற தைரியம் வந்துடுச்சு. உங்க கோர்ஸ்ல கேக்கலைன்னாலும் அப்படி ஒரு நோட்டு வச்சுக்கோங்க.

கூடவே யூனிவர்சிட்டி லாங்வேஜ் சென்டர்ல டேண்டம், அதாவது ரெண்டு பேர் ஜோடியா சேர்ந்து ஒருத்தர் மொழியை இன்னொருத்தர் கத்துக்கிற ஏற்பாடு, இருக்கான்னு விசாரிங்க, பாதி நேரம் அவங்க மொழி, பாதி நேரம் உங்க மொழி, ரெண்டு பேருமே வாத்தியார் ரெண்டு பேருமே மாணவர்ங்கிறதால கூச்சம் சீக்கிரம் போயிடும். ஜெர்மனியில ஒரு கிரெடிட்டுக்கு பொதுவா 25லேருந்து 30 மணி நேர உழைப்புன்னு கணக்கு, அதனால முதல் செமஸ்டர்ல இப்படி ஒரு கோர்ஸ் போதும். செமினார்ல சீட் கம்மி, ரெஜிஸ்ட்ரேஷன் திறந்த அன்னைக்கே பேரைப் போட்டுடுங்க.