ஓசூர் அருகே வீட்டுமனை போடுபவர் சந்தன மரத்தை வெட்டினால் அபராதம் கட்டித் தப்பிவிடலாமா?

முடியாது. பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருடையதே. ஆனால் வனத்துறை அனுமதியின்றி வெட்டுவது குற்றம், சிறைத் தண்டனையும் உண்டு. சாலையோரப் புளியமரம் அரசுச் சொத்து; மனைக்கு வழிவிட அனுமதியின்றி அதை யாரும் சாய்க்க முடியாது.

அபராதம் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு 2025 மார்ச் மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பாருங்கள். தாஜ் மகாலைச் சுற்றிய பாதுகாப்பு மண்டலத்தில், மதுரா-பிருந்தாவன் அருகே, பெரும்பாலும் தனியார் நிலத்தில் வெட்டப்பட்டவை 454 மரங்கள். மரத்துக்கு 1 லட்சம் ரூபாய்! அத்தனை பசுமை மீள 100 ஆண்டுகளாவது ஆகும் என்றது நீதிமன்றம். எனக்கு அந்தத் தொகையும் குறைவாகவே படுகிறது.

உங்கள் ஊரில் மரத்தில் ரம்பம் படும் முன்பே மாவட்ட வன அலுவலருக்குப் புகைப்படத்துடன் எழுதுங்கள். வேரையும் தோண்டிவிட்டால் நிரூபிப்பது கடினம்.